மண்டியில் இருந்த மருந்து

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யக் குடியேறியவர்களுக்காகத் திறந்த சிறிய டிஸ்பென்சரியில், அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மருந்து கலப்பவனாக இருந்தேன். இன்று இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் அட்டையிலிருந்து குளிசையை வெட்டிக் கொடுத்தால் போதும். அன்று, டொக்டர் துண்டில் எழுதியதை ஒவ்வொருவரின் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ப நிறுத்து, கல்வத்தில் அரைத்து, கலந்து கொடுக்க வேண்டும். போத்தலைச் சனங்களே கொண்டு வருவார்கள். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, வேளைக்கு ஒரு வெட்டாக ஓரம் வெட்டிய தாள் கீற்றை அதில் ஒட்டிக் கொடுப்போம்.

நான் முன்கோபக்காரன். என் கலவையை யாராவது குறை சொன்னால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

ஒரு மாரிகாலத்தில், ஸ்கந்தபுரத்திலிருந்து பரமேஸ்வரி என்ற இளந்தாய் தன் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு வயிற்றுளைவு; சீதமும் இரத்தமுமாகப் போய்க்கொண்டிருந்தது. டொக்டர் எழுதிய சல்பா தூளைத் தண்ணீரில் கலந்தேன். அந்தத் தூள் கரையாது. அடியில் இறங்காமல் பிடித்து வைக்கும் பிசினும் அப்போது முடிந்திருந்தது. அதனால் போத்தலில் 'குலுக்கிக் கொடுக்கவும்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். பிள்ளை அவர் தோளில் துவண்டு கிடந்தான். கண்கள் குழிவிழுந்திருந்தன.

"மருந்து குடுத்தனீங்களோ, தங்கச்சி?"

"ஓம் ஐயா. வேளை தப்பாமல் குடுத்தனான்."

"குலுக்கினனீங்களோ?"

"குலுக்கினனான்."

டொக்டர் ஐயா பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இந்த மருந்து கேக்கேல்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேணும்" என்றார். மழையில் றோட்டு உடைந்து பஸ் ஓடவில்லை. ட்ரக்டர் பெட்டியில் போனால் பிள்ளை உயிரோடு போய்ச் சேருமா என்று எங்கள் மூவருக்குமே பயம்.

வழிக்கு மருந்து கலந்து கொடுக்கப் போத்தலைக் கேட்டேன். அவர் நீட்டியது வேறு போத்தல். உள்ளே மிச்ச மருந்து கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது.

"அடியிலை கிடந்த தூள் எங்கை?"

"அந்த மண்டியோ ஐயா? நீங்கள் எழுதினபடி குலுக்கிப்போட்டு, தெளியவிட்டு, தெளிஞ்சதை இதுக்குள்ளை வடிச்செடுத்தனான். மண்டியை ஊத்திப்போட்டன். கலங்கினதைச் சின்னப்பிள்ளைக்குக் குடுக்கலாமோ?"

ஏச்சு வாய்வரை வந்துவிட்டது. ஆனால், வாய்க்கால் தண்ணீரில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்துக் குடிக்கும் ஊர் அது. என் மேசைக்குப் பின்னாலிருந்த பானையிலும் காலையில் நானே உரைத்திருந்தேன். ஏச்சை விழுங்கிக்கொண்டேன்.

டொக்டர் ஐயா எழும்பி வந்தார். "தம்பி, பிள்ளை இன்னும் மருந்தே குடிக்கேல்லை. இண்டைக்கு இஞ்சையே வைச்சுக் குடுத்துப் பாப்பம்" என்றார்.

இந்தமுறை போத்தலே வேண்டாம் என்று, தூளை வேளைவாரியாக நிறுத்துத் தாளில் மடித்தேன். ஒரு மடிப்பைத் தேனில் குழைத்து, எங்கள் கண்முன்னாலேயே பிள்ளையின் நாக்கில் தடவச் சொன்னேன். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை டொக்டர் ஐயாவே கரண்டியால் பருக்கினார். மறுநாள் பின்னேரம் பிள்ளை சோறு கேட்டு அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரிடமும் 'மருந்து குடுத்தனீங்களோ' என்று நான் கேட்டதில்லை. 'எப்பிடிக் குடுத்தனீங்கள், செய்து காட்டுங்கோ' என்றுதான் கேட்பேன். போத்தலில் ஒட்டும் தாளிலும் 'குலுக்கி, கலங்கலாகவே உடனே கொடுக்கவும்' என்று மாற்றி எழுதினேன். அவசரப்படாத அந்த டொக்டருக்கும், செய்ததை ஒளிக்காமல் சொன்ன அந்தத் தாய்க்கும் என் தொழில் கடன்பட்டிருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, தன் இருமலுக்கு மருந்தெடுக்க வந்த பரமேஸ்வரி, பக்கத்தில் நின்ற கிழவரின் போத்தலை உற்றுப் பார்த்தார். இடுப்பில் மகன் கொழுகொழுவென்று இருந்தான்.

"அப்பு, மண்டியை ஊத்திப்போடாதேங்கோ. அதுக்குள்ளைதான் மருந்து கிடக்கு. என்ரை பிள்ளை அதிலைதான் பிழைச்சவன்" என்றார்.

அதையே சொல்ல வாயெடுத்த நான், அடுத்தவரின் போத்தலுக்குக் கையை நீட்டினேன்.