மேல் வீட்டுக் கார்

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மனுஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்கே தெரியாது. எல்லோருக்கும் அவர் கிளட்ச் மாஸ்டர். "கிளட்ச்ச மிதி, கிளட்ச்ச மிதி" என்று நாள் முழுக்கக் கத்துகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்களாம்? கத்தினால் மட்டும் போதுமா, பக்கத்து இருக்கையில் தனக்கென்று வைத்திருக்கும் கிளட்ச்சை அவரே மிதித்தும் தொலைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஏதாவது ஒரு சுவரில் போய்த்தான் நிற்கும். ஊரில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பி வைத்தவருக்குச் சொந்தமாக ஒரு கார் மட்டும் வாய்க்கவில்லை.

ஆள் தங்கம். வீம்பு பிடித்துவிட்டால்தான் பக்கத்தில் நிற்க முடியாது.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் மகன் ஒரு எலக்ட்ரிக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். வாங்கும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாஸ்டர் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். கிளட்ச்சும் இல்லை, கியரும் இல்லை.

"இது காரா, பொம்மையா? யாரைக் கேட்டு வாங்கினே?"

"உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு?" என்றான் மகன்.

பேச்சு தடித்தது. சமாதானம் சொல்ல வந்த மருமகளுக்கும் நாலு வார்த்தை விழுந்தது. அந்த வாரமே சின்னவர்கள் இருவரும் மாடி அறைக்குப் போய்த் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. நடுவில் கிடந்து அல்லாடியவர் மாஸ்டரின் மனைவிதான்.

இதில் கூத்து என்னவென்றால், கார் மாடிக்காரர்களுடையது, அதற்குச் சார்ஜ் போடும் ப்ளக் இருப்பதோ கீழ்வீட்டு வெளிச்சுவரில். மழை வந்தால் மாஸ்டர் தன் மழைக்கோட்டை எடுத்துப் போய் அந்த ப்ளக்கின் மேல் போர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "ஷார்ட் ஆனா நம்ம ஃப்யூஸ்தானே போகும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். பார்த்ததுமே மாஸ்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீதானே பூக்கடைக்குள்ள காரை விட்டவ?"

"எங்க விட்டேன் மாஸ்டர், நீங்கதான் பிரேக் போட்டுட்டீங்களே." சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "வீட்டுல எத்தனை பேர்?"

"நாலு பேரும்மா" என்று முந்திக்கொண்டார் மாஸ்டரின் மனைவி.

"ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்களைத்தான் ஒரு குடும்பமா எழுதணும்."

"அப்ப ரெண்டுன்னு எழுது" என்றார் மாஸ்டர். மனைவியின் முகம் தொங்கிப்போனது.

"வண்டி எதாவது இருக்கா? கார், எலக்ட்ரிக் கார்?"

"அதெல்லாம் கவர்மெண்டுக்கு எதுக்கு? வரி போடவா?"

"எல்லா வீட்டுலயும் இதையேதான் கேக்கறாங்க மாஸ்டர். வரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எந்தத் தெருவுல எத்தனை எலக்ட்ரிக் கார் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு கரண்ட் வேணும், எங்க சார்ஜ் பாயின்ட் வைக்கணும்னு பார்க்க முடியும்? வண்டியே இல்லாத வீடு நிறைய இருக்கற பக்கம் பஸ் விடணும். அவசரத்துக்கு அவங்க எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவாங்கன்னும் யோசிக்கணும்."

"சரி, எழுதிக்கோ. வண்டி இல்லை."

"வாசல்ல நிக்கறது?"

"அது மேல் வீட்டுக்காரங்களோடது."

பெற்ற பிள்ளை, மேல் வீட்டுக்காரனாம். மாஸ்டரின் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை, அழத்தான் போனார்.

கணக்கெடுக்கும் பெண் மாடிக்குப் போனாள். மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது. ஒட்டுக்கேட்பதே பிடிக்காத மாஸ்டர், செருப்பைத் துடைக்கிற சாக்கில் படிக்கட்டின் கீழே வந்து நின்றார்.

"நாலு பேர்" என்று மகன் சொல்வது கேட்டது. "அப்பா, அம்மா, நான், என் மனைவி."

"எலக்ட்ரிக் கார் வாங்கினதுக்கு முக்கியமான காரணம்? பெட்ரோல் செலவா, புகையா?"

"சொல்லுங்களேன்" என்று புருஷனைத் தூண்டினாள் மருமகள்.

"அப்பாவுக்கு இடது முட்டி போயிடுச்சுங்க. ஊரான் வண்டியில கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சே தேஞ்சு போச்சு. சொந்தக் கார் ஓட்டணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. கிளட்ச் இல்லாத காரா இருந்தா அவரே ஓட்டலாமில்ல? முன்கூட்டியே கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாரு. அதான் கேக்காமயே வாங்கிட்டேன்."

அடப்பாவி, இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையை நினைத்து நெஞ்சு நிறைந்தும் போனது. சொல்வதற்கு அவனுக்கு இடம் எங்கே கொடுத்தோம் என்று தோன்றியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பெண் குழம்பிய முகத்தோடு இறங்கி வந்தாள். "ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாது மாஸ்டர். ஆனா ஒரே ஆளை ரெண்டு குடும்பத்துல எழுதவும் முடியாது. உங்க ரெண்டு பேரையும் எங்க வைக்கட்டும்?"

மாஸ்டர் கைப்பிடியை விட்டு நிமிர்ந்தார். "கீழ எழுதினதை அடிச்சிடும்மா. நாங்க அவங்களோட சேர்த்தி."

"அடுப்பு ஒண்ணா இருக்கணுமே. பொய் எழுத எனக்கு அதிகாரம் இல்லை."

"உலை வெச்சாச்சு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "நாலு பேருக்கும் சேர்த்துத்தான். எழுதிக்கோம்மா."

"அப்ப வண்டி?"

"ஒண்ணு" என்றார் மாஸ்டர். "எலக்ட்ரிக்."

சொல்லிவிட்டு மாடிப்படியில் கால் வைத்தார். ஒரு படி ஏறினார். அடுத்த படிக்கு இடது காலைத் தூக்கும்போது பல்லைக் கடித்தார். மேலே வாசலுக்கு வந்த மகன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏறாதீங்கப்பா, நானே வர்றேன்" என்று தடதடவென்று இறங்கி ஓடி வந்தான்.

"வா" என்றார் மாஸ்டர். "இரு, மறுபடி மேல போ. சாவிய எடுத்துக்கிட்டு வா."