எங்கள் வீட்டு அமெரிக்கன்

தங்கை தான் கட்டப் போகிற ஆளைப் பற்றிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அப்பா வழக்கம்போல அமெரிக்கனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கனடாவில், மொன்றியலை ஒட்டிய லவாலில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மூன்று பேர்தான் இருந்தோம். எண்பதைத் தொட்டுவிட்ட அப்பா, அவரோடு இருக்கும் கல்யாணமாகாத மூத்த மகள் நான், டவுன்டவுனில் தனியாக இருந்து ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்யும் தங்கை. நான்காவது ஆள், செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரன்.

"எங்கட வழி என்ன, அவையின்ர வழி என்ன?" என்றார் அப்பா. "என்ர பூட்டன் அமெரிக்கன். அது தெரியாமல் போய்க் கண்ட கண்ட இடத்தில சம்பந்தம் வைக்கிறதோ?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலுக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர் வாய்விட்டுச் சொல்வதை அப்பா சொல்லமாட்டார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், சாதி பார்க்கக் கூடாது அல்லவா? அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் அவர் பூட்டனைக் கொண்டுவந்து நிறுத்துவார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் வைத்த அமெரிக்க மிஷனரிமாரில் ஒருவர், டாக்குத்தர், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினார், அவருடைய வழிதான் நாங்கள் என்பது கதை. அதற்கு அப்பாவிடம் மூன்று சாட்சிகள் இருந்தன. ஒன்று, எங்கள் குடும்பப் பெயர் சுத்தமான வெள்ளைக்காரப் பெயர். இரண்டு, எங்கள் வீட்டுப் பழைய வேதப்புத்தகத்தின் முதல் தாளில் அந்தப் பெயரையும் அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலத்து ஊர் ஒன்றையும் யாரோ மையால் எழுதியிருந்தார்கள். மூன்று, சித்தப்பாவின் பூனைக்கண்.

"பூனைக்கண் எண்டா எங்கட தெருப் பூனையெல்லாம் அமெரிக்கனோ அப்பா?" என்று தங்கை கேட்டாள். அவளுக்குப் பயமே கிடையாது. ஜூன் மாதத்துக்குத் தேவாலயமும் மண்டபமும் சொல்லிப் பதிந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தாள். அப்பா தேவாலயத்துக்கு வந்து முன்வாங்கில், முதல் வரிசை பெஞ்சில், இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவளுடைய ஆசை.

அதே அமெரிக்கன்தான் என் கல்யாணத்தையும் நிறுத்தினான். இருபது வருடத்துக்கு முதல், மொன்றியலுக்கு வந்த புதிதில், டவுன்டவுன் உணவகமொன்றின் குசினியில் வேலை செய்த ஒருவர் என்னைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா பூட்டனின் கதையைத் தொடங்கிவிட்டார். அவர் பாதிக் கோப்பியோடு எழும்பிப் போனார். பிறகு டொராண்டோவில் கட்டி மூன்று பிள்ளைகள் என்று கேள்வி. நான் காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டு, அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். யார் கேட்டாலும் அப்பா விடவில்லை என்றுதான் சொல்லுவேன். அது உண்மையும்தான்.

அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. "சரி அப்பா, உங்கட அமெரிக்கனை நான் தேடிப் பாக்கிறன். மெய்யெண்டா இந்தக் கல்யாணம் வேண்டாம் எண்டு இவளோட நானே கதைக்கிறன். பொய்யெண்டா நீங்கள் வந்து முன்வாங்கில இருக்கவேணும்."

"தேடு, தேடு," என்றார். "பேந்து நீதான் முழிக்கப் போறாய்."

அது ஜனவரி மாதம். அடுத்த நாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் பச்சைக் கோடு மெற்றோவில் ஏறி நூலகத்துக்குப் போனேன். அங்கே மைக்ரோபிலிம் அறை ஒன்று உண்டு. நரைத்த பிரெஞ்சுக் கெபெக்காரர்கள் வரிசையாக இருந்து தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருந்தவர் பத்தாவது தலைமுறைக்குப் போய்விட்டதாகப் பெருமையாகச் சொன்னார். தேவாலயப் பங்குப் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறதாம், பிறப்பு, கல்யாணம், சாவு, சாட்சிக்கு நின்றவரின் தொழில்கூட. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. எங்கள் ஊர்ப் பதிவேடு எரிந்ததோ, கறையான் தின்றதோ, யாரைக் கேட்பது?

ஆனால் மிஷனரிமாரும் எழுதித் தள்ளியிருந்தார்கள். அவர்களுடைய பழைய அறிக்கைகளின் பிலிம்களை அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தேன். வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஆறு கிழமையும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெற்றோவில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் போனேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன். "என்ன, அமெரிக்கன் அம்பிட்டானோ?" என்று அப்பா ஒவ்வொரு நாளும் நக்கலடித்தார்.

பிலிம் வந்தது. யாழ்ப்பாணம் போன ஒவ்வொரு அமெரிக்கனின் பெயரும், மனைவியின் பெயரும், அங்கேயே காய்ச்சலில் செத்த குழந்தைகளின் பெயரும் அதில் இருந்தன. ஒரு வரி விடாமல் படித்தேன். டாக்குத்தர், போதகர், அச்சுக்கூடக்காரர், ஒருவருக்கும் எங்கள் பெயர் இல்லை. அலுவலகத்துக்குத் திரும்புவதற்குப் பதிலாக நேரே லவாலுக்கு ஓடினேன்.

அப்பா அசையவில்லை. "விட்டிருப்பினம். உள்ளூர்ப் பெட்டையைக் கட்டினவன் எண்டு பேரை வெட்டியிருப்பினம். வெள்ளைக்காரன் உதெல்லாம் செய்வான்."

ஐயோ, அந்த மனிதனுக்கு எங்கிருந்துதான் பதில் வருமோ! தங்கைக்குப் போன் எடுத்தேன். ஏப்ரலில் ஒரு வேலை நாளில் லீவு போட்டுவிட்டு அவளுடைய காரில் வெர்மொன்ட்டுக்குப் புறப்பட்டோம். மொன்றியலில் இருந்து காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய தூரம்தான். இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு எல்லையில் கேள்வி கூடிப்போயிருந்தது. அதிகாரி எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பவும் கடவுச்சீட்டைப் பார்த்தான். "இந்தப் பெயர் எப்படி உங்களுக்கு?" என்று கேட்டான். "அதைக் கண்டுபிடிக்கத்தான் போறம்," என்று தங்கை ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

வேதப்புத்தகத்தில் இருந்த ஊர் ஒரு தெருவும் ஒரு வெள்ளைத் தேவாலயமும்தான். பனி உருகி எங்கும் சேறு. ஊர்ப் பதிவு அலுவலகம் ஒரு சின்ன வீடு. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி இருந்தார். எங்கள் பெயரைச் சொன்னதும், "அட, எங்கள் தேவாலயத்துப் பழைய மூப்பரின் பெயர்!" என்று கையைத் தட்டினார். அப்படியென்றால் ஆள் இருந்தது மெய்தான். தங்கையைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அவர் சிலோனுக்குப் போனாரா?" என்று கேட்டேன்.

"அவரா? கொல்லர். பக்கத்து ஊருக்குப் போனாலே அதிசயம். பிள்ளையும் இல்லை. தேவாலயத்துக்குப் பின்னால்தான் புதைத்திருக்கிறது, வேண்டுமென்றால் பாருங்கள்."

பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு, தேவாலயத்துப் பழைய பெண்கள் சங்கத்தின் குறிப்புப் புத்தகம் ஒன்றை இரும்பு அலுமாரிக்குள் இருந்து எடுத்துவந்தார். மூப்பர் வாரிசில்லாமல் செத்த பிறகு, அவர் பெயர் அழிந்துபோகக் கூடாது என்று அந்த ஊர்ப் பெண்கள் தையல் வேலை செய்து யாழ்ப்பாணத்துக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள். மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையை அவர்கள் படிப்பிப்பார்கள். அதற்கு ஈடாக அந்தப் பிள்ளைக்கு மூப்பரின் பெயரை வைக்கவேண்டும். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கமாம். படிப்பிக்கிறவர் பெயர் கொடுப்பார், பிள்ளை அந்தப் பெயரோடு ஞானஸ்நானம் எடுக்கும். இரத்தமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. நாங்களோ மூன்று தலைமுறையாக அதை இரத்த வழி என்று நம்பி, அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறோம்.

புத்தகத்துக்குள் விடுதியில் இருந்து வந்த கடிதம் ஒன்றையும் யாரோ அழகான கையெழுத்தில் பிரதி செய்து வைத்திருந்தார்கள். மூப்பரின் பெயர் பெற்ற பிள்ளைக்கு ஏழு வயது இருக்கலாம், தாயும் தகப்பனும் வாந்திபேதியில் போய்விட்டார்கள், உறவு என்று ஒருவரும் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் அவனுடைய சாதியைச் சொல்லி ஒரே பந்தியில் இருக்க மறுக்கிறார்கள், சிலரை வீட்டார் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். அவன் தனியாகக் கதவோரம் இருந்து சாப்பிடுகிறான், ஆனால் எழுத்து வேகமாகப் பிடிபடுகிறது. அவ்வளவுதான் கடிதம்.

தங்கை அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். அந்தப் பெண்மணி பிரதி எடுத்துக் கொடுத்து, எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து, பெயரைக் காப்பாற்றிவிட்டீர்களே என்று மெய்யான சந்தோஷத்தோடு சொன்னார். வாற வழியெல்லாம் அந்தத் தாளை மடிக்கிறதும் விரிக்கிறதுமாக இருந்தேன்.

"அக்கா, அப்பா வந்தாலும் வராட்டியும் நான் கட்டத்தான் போறன்," என்றாள் தங்கை, ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல். "நீ ஏன் உப்பிடிப் படபடக்கிறாய்?"

"இன்னும் கொஞ்சம் கெதியா ஓட்டு, வீட்டுக்குப் போகவேணும்," என்றேன்.

வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றாமலே தாளை அப்பாவின் முன்னால் வைத்தேன். தங்கை கதவடியில் நின்றாள். அப்பா யாழ்ப்பாணத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு தரம் வாசித்தார். பிறகு தொடக்கத்தில் இருந்து இன்னொரு தரம். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். வெள்ளைக்காரன் பொய் எழுதுவான் என்று சொல்லுவார், அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று காரிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"ஏழு வயசோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஒருத்தரும் பக்கத்தில இருந்து சாப்பிடேல்லையோ அவனோட?"

அவருடைய கண் கலங்கிவிட்டது. இதற்கு முதல் அவர் அழுது நான் பார்த்தது அம்மா செத்த அன்று மட்டும்தான். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார். "கல்யாணம் எத்தினை மணிக்குப் பிள்ளை?"

"பதினொண்டுக்கு," என்றாள் அவள். ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா அவளுடைய தலையைத் தடவினார். வென்றது நான்தான். நான் கேட்டதுதான் நடந்தது.

"அப்ப நான்?" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நான் என்ன அப்பா? இல்லாத ஒரு அமெரிக்கனைக் காட்டி அந்த மனுசனை எழும்பிப் போக வைச்சியள். இருபது வருசம். எனக்கு என்ன சொல்லப் போறியள்?"

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். தங்கை "அக்கா" என்று கையைப் பிடிக்க வந்தாள். நான் தட்டிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. புரியாத ஒன்றைப் பார்க்கிற மாதிரி.

"நான் வேண்டாம் எண்டு சொன்னது மெய், பிள்ளை. பிழைதான்," என்றார். "ஆனா உவளுக்கும் வேண்டாம் எண்டுதானே சொன்னனான். உவள் மண்டபத்தைச் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறாள். நீ ஏன் நான் சொன்னதைக் கேட்டனீ?"