அப்பொலோனியம்மாளுக்கு முப்பத்திரண்டு பல்

போர்டு எழுதுகிறவன் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்கிறான். அதனால் போகிறவன், வருகிறவன் எல்லாம் அவனுக்கு மேஸ்திரி. நாலு பேர் பார்க்க வேலை செய்கிற உங்களுக்கு இந்தப் பேஜாரு புரியும். எழுபதுகளில் எனக்குக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் கடை.

நேர்ச்சை

ஆரம்பாக்கம் சூசை, ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவர், ஃபாதர் கொடுத்த ஒரு அச்சுப் படத்தோடு வந்தார். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ பலகையில் தீட்டியதாம். பின்னால் முழுக்கத் தங்க நிறம். நீள முகம், மூடிய வாய், கையில் குறடு, குறட்டில் ஒரு பல்! அப்பொலோனியம்மாளாம். வேதத்தை விடமாட்டேன் என்றதற்காக அவர் பல்லையெல்லாம் உடைத்தார்களாம். பல்வலிக்காரர்களுக்கு அவர்தான் துணை.

சூசையின் மனைவி மரியாளைப் படாதபாடு படுத்திய பல்வலி, வேண்டிக்கொண்டதும் விட்டுவிட்டது. அதே மாதிரிப் படம் எழுதிக் கோயிலில் வைப்பதாக நேர்ந்திருந்தாள். சூசை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிடு நைனா. படம் கோயிலுக்குப் போற வரிக்கும் ஊட்ல மீனே கெடியாதுன்ட்டா!”

நோயாளி

குறடும் பல்லும் எழுதி முடித்த பலகையை வாசலில் காயவைத்தேன். எளாவூர்ப் பக்கமிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், வீங்கிய கன்னத்தோடு நேராக உள்ளே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். “அண்ணே, இது கோயில் படம். நான் வெறும் பெயின்டர்” என்றேன். வாயை மூடினார், எழுந்திருக்கவில்லை.

“அப்ப அந்தம்மா எப்ப வருவாங்க? இருந்து பாத்துக்கினே போறேன்.”

தங்கம்

அசல் தங்கத்துக்கு எங்கே போவேன்? கோல்டு பவுடரை வார்னிஷில் குழைத்துப் பூசினேன். அம்மாளைச் சுற்றி மரம் கிடையாது, மலை கிடையாது, வெறும் பளபளப்புதான். எதிர் டீக்கடைக்காரர் தினமும் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே... ஓரமா நம்ம கடை பேரப் போட்டுடேன்!”

வாய்

அந்த மூடிய வாயைப் பார்க்கப் பார்க்க, இன்னும் வலி தீராதவர் மாதிரியே இருந்தது. மனசு கேட்கவில்லை. பல் டாக்டர் போர்டு எழுதிப் பழகிய கை வேறு. சிரிக்க வைத்தேன், முழு வரிசைப் பல்லோடு.

ஞாயிறு காலை கோயிலில் உபதேசியார் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் குதித்தார். “பல்லே இல்லாதவங்களுக்கு இத்தனை பல்லா? இது கோயிலுக்கு ஆகாது!” சூசை முகம் செத்துப்போயிற்று. ஃபாதர் மட்டும், “நேர்ந்தவ நீ, நீ சொல்லும்மா” என்று மரியாளைப் பார்த்தார். அவள் கண் கலங்கப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டுத்தான் ஃபாதர் வாய்விட்டுச் சிரித்து, ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொன்னார்.

“அவங்க பட்ட பாடு பூமியோட போச்சு சாமி. மோட்சத்துலகூடவா ஆண்டவர் அவங்கள பொக்க வாயோட உக்கார வெச்சிருப்பாரு?”

எத்தனையோ பல் டாக்டர்களுக்கு போர்டு எழுதினேன், எல்லாம் துருப்பிடித்துப் போயின. இன்றுவரை கூட்டம் குறையாதது இந்த ஒரு அம்மாளுக்குத்தான்.