பொன்னம்மாள் வேலையை விடவே இல்லை

கருமத்தம்பட்டியில் எங்கள் விசைத்தறிக் கூடத்தில் இருபத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். சம்பளம் போட்டதும் பி.எஃப். விவரமும் தானாகவே போய்விடும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினேன். இனி எதையும் பார்க்க வேண்டாம் என்றார்கள். நானும் பார்க்கவில்லை.

தறி ஓட்டும் பொன்னம்மாள் தன் மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவில் போனார். வருகை பூஜ்யம் என்றதும், அவர் வேலையை விட்டுவிட்டதாக அந்தச் சனியன் பி.எஃப். ஆபீசுக்குத் தெரிவித்துவிட்டது.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். "ஏனுங்க, என்னைய நிறுத்திப்போட்டீங்களா? போன்ல மெசேஜ் வந்திருக்குதுங்க. வாயில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

பதினோரு வருடம் உழைத்தவர்! அந்தப் பதிவைத் திருத்த பி.எஃப். ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தேன். சாஃப்ட்வேர்காரரோ, "நீங்க லீவுன்னு போட்டிருக்கோணுமுங்க" என்கிறார்.

இப்போது ஒவ்வொரு பெயராகப் படித்த பிறகே அனுப்புகிறேன். ஆனாலும் மாதக் கடைசியானால் பொன்னம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்கிறார்: "இந்த மாசம் நான் இருக்கறனுங்களா?"