லேபிள் சென்னைக்குப் போன மூன்று வழிகள்

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவது எளிது. அதைத் தொலைபேசி வழியாகச் சென்னைக்கு அனுப்புவதுதான் பிழைப்பைக் கெடுக்கும். அனுப்பிவிட்டு, "வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்டுத் தொண்டை கட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊருக்கு இணையம் வராத காலம். சிவகாசியில் என் கம்ப்யூட்டர் கடை, சென்னையில் அச்சுக்கு பிலிம் எடுப்பவர் ஒருவர், நடுவில் இரண்டு கம்ப்யூட்டரையும் தொலைபேசி லைனில் இணைக்கும் மோடம். அதை வாங்கியதே ஆமத்தூரில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த காதர் பாயின் சீசன் ஆர்டரை நம்பித்தான். அவர் கைவிட்டால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

எக்ஸ்மோடம்

மோடம் வழியே படம் அனுப்பும் முறைகளில் இதுதான் பழையது. படத்தைத் துண்டு துண்டாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பக்கம் "சரி" சொன்ன பிறகே அடுத்ததை அனுப்பும். அவ்வளவு ஒழுக்கம். ஆனால் படம் போகும், பெயர் போகாது. வாங்குகிறவர்தான் பெயர் வைக்க வேண்டும். நான் முதலில் அனுப்பிய அணுகுண்டு லேபிளுக்குச் சென்னைக்காரர் மத்தாப்பு என்று பெயர் வைத்துவிட்டார். பிலிம் வந்ததும் மத்தாப்பு உறையைப் பிரித்த பாய், அணுகுண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "ஏன் தம்பி, மத்தாப்பு கேக்குற பச்சப்புள்ள கையில அணுகுண்டக் குடுக்கச் சொல்றீகளா?"

ஒய்மோடம்

இது பெயரையும் சேர்த்தே அனுப்பும். நிம்மதியானேன். ஆனால் லைன் கட்டானால் அந்தப் படத்தை மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். என் கடைக்கும் மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா மேரி டீச்சருக்கும் ஒரே லைன். கோடை விடுமுறை வேறு. அக்காவோடு பேச அவர் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் என் லேபிள் பாதியில் செத்தது. மூன்றாம் முறை மாடியேறிப் போய்க் கெஞ்சினேன். டீச்சர் கோபப்படவில்லை, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "இம்புட்டு நேரமா கீச்சுகீச்சுன்னு கத்துதே, அந்த மெட்ராஸ்காரருக்கு ஒரு வார்த்தையாவது வெளங்குதா?"

இசட்மோடம்

சீசன் உச்சம். சென்னைக்காரர் மறுநாள் மகள் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டுகிறார். கடைசி லேபிள் அன்று மாலைக்குள் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டு, பாயே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முக்கால்வாசி போயிருக்கும், இடி இடித்தது. பட்டாசு வேலையில் இடிச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு வெளியேற வேண்டும். அந்தப் பழக்கத்தில் "பிடுங்குங்க தம்பி!" என்று அலறியவர், நான் எழுவதற்குள் அவரே லைனைப் பிடுங்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, வானம் ஓய்ந்ததும் மறுபடி இணைத்தேன். இசட்மோடம் நின்ற இடத்தைத் தானே கண்டுபிடித்து, மிச்சத்தை மட்டும் அனுப்பியது. சற்று நேரத்தில் வந்துவிட்டதென்று சென்னையிலிருந்து போன். பாய் மோடத்தின் தலையில் தட்டிக்கொடுத்தார்: "விட்ட எடத்துலருந்து தொடங்குதே தம்பி! நம்ம கம்பெனில இடி நின்னா, எல்லாரும் டீயிலருந்துல்ல தொடங்குறாக!"

எந்த முறை வேகமானது என்று கம்ப்யூட்டர் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின; என்னைக் கேட்டால், எது குறைவாகத் திட்டு வாங்கித் தருகிறதோ அதுவே நல்ல முறை.