உலர் உணவு: உண்டு

எனக்கு வளவளப்பு ஆகாது. கணக்கு ரீச்சர் நான். கேட்ட கேள்விக்கு விடை வேண்டும், அவ்வளவுதான். கிளிநொச்சியில் அமெச்சூர் வானொலிக் கழகம் தொடங்கியபோது என்னை இழுத்ததும் அதுதான். பட்டனை அழுத்து, சொல்லவேண்டியதைச் சொல், 'ஓவர்' என்று கையை எடு. எங்கள் ஆசிரியர் கூட்டங்களுக்கும் இப்படியொரு பட்டன் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சோதனை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். என் குரலுக்கு முதன்முதல் வேறொரு ஊரிலிருந்து பதில் வந்த அன்று கதிரையை விட்டு எழும்பித் துள்ளினேன். நாற்பத்தாறு வயது எனக்கு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரி தொடங்குமுன் ஒவ்வொரு ஞாயிறும் ஒத்திகை நடக்கும். வெள்ளம் வந்து கரண்டும் போனும் இல்லை என்று வைத்துக்கொண்டு, கார் பற்றறியில் வானொலிச் செற்றைப் போட்டு, ஒவ்வொரு ஊரின் நிலைமையையும் கேட்டு எழுதவேண்டும். கட்டுப்பாட்டு நிலையம் நான். படிவமும் நானே தயாரித்தேன்: மழை, நீர்மட்டம், ஆட்கள், காயம், குடிநீர், உலர் உணவு. வரிசைப்படி வாசிக்கவேண்டும், வேறு கதை கூடாது.

அதைக் குழப்புவதற்கென்றே ஒருவர் இருந்தார். முல்லைத்தீவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். கழகம் முழுக்க அவரை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் அழைக்கும்.

"ரீச்சர், சாப்பிட்டாச்சோ? ஓவர்."

"நானா, இது கலியாண வீடில்லை. படிவத்தை வாசியுங்கோ. ஓவர்."

"ஓம் ஓம், வாசிக்கிறன். என்ன கறி? ஓவர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தில், வானலையில் சுகம் விசாரிக்கக்கூடாது என்று விதியே போட்டுவிட்டேன். நானா தலையை ஆட்டிவிட்டு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

அந்தக் கார்த்திகையில் புயல் மெய்யாகவே வந்தது. இரண்டு நாள் மழை விடவில்லை. மூன்றாம் நாள் காலை போன்கள் ஊமையாகின. பிரதேச செயலகத்தில் ஒரு மேசையைப் பிடித்து, மூங்கிலில் அன்ரெனாவை உயர்த்தி, எட்டு மணிக்குச் செற்றைப் போட்டேன். எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது! சொல்ல வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. பளை வானலையில் வந்தது. விசுவமடு வந்தது. முல்லைத்தீவு வந்தது. பூநகரி மட்டும் வரவில்லை.

என் தங்கச்சியும் அவளின் இரண்டு பிள்ளைகளும் பூநகரியில், கடலேரிக் கரையோரம் இருக்கிறார்கள். வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

பத்தரை மணிக்கு இரைச்சலுக்குள்ளிருந்து எங்கள் கழகத்துப் பூநகரிப் பிள்ளையின் குரல் எழும்பியது. முன்பள்ளி ஆசிரியை அவள். இடம்பெயர்ந்த சனங்களோடு பாடசாலையில் நிற்கிறாள். நான் பழக்கியபடியே படிவத்தை வாசித்தாள்.

"காயம் இல்லை. குடிநீர் உண்டு. உலர் உணவு உண்டு. ஓவர்."

எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். தங்கச்சி அங்கே நிற்கிறாளா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விதி என்னுடையதல்லவா? விழுங்கிக்கொண்டேன்.

"நன்றி பூநகரி. ஓவர்."

அதற்குள் முல்லைத்தீவு புகுந்தது.

"மகள், சாப்பிட்டாச்சோ? ஓவர்."

ஏசுவதற்கு வாயெடுத்தேன். ஆனால் பூநகரி முந்திக்கொண்டது.

"இல்லை நானா. நேற்று மத்தியானத்திலயிருந்து ஒருத்தரும் சாப்பிடேல்லை. அரிசி பருப்பு மூட்டையாக் கிடக்கு. விறகெல்லாம் ஊறிப்போச்சு, அடுப்பு தண்ணிக்குள்ள. பிள்ளையள் அழுதழுது படுத்திட்டுதுகள். ஓவர்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? ஓவர்."

"படிவத்தில விறகு இல்லை ரீச்சர். ஓவர்."

உலர் உணவுக்குப் பக்கத்தில் என் சரி அழகாக இருந்தது. முகம் சுட்டது எனக்கு.

அதன்பின் ஒரே ஓட்டம். லொறி போகாது, உழவு இயந்திரம் போகும் என்றார் அதிகாரி. காஸ் சிலிண்டர்கள் ஏறின. "சின்ன அடுப்பு சரிவராது ரீச்சர், கலியாண வீட்டு அடுப்பும் சோறாக்கிற கிடாரமும் அனுப்புங்கோ" என்று நானா செற்றில் கத்தினார். கழக உறுப்பினர் ஒருவர் கைச்செற்றோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார். பரந்தன் தாண்டியாச்சு. தண்ணீர் பின்சில்லில் பாதிக்கு மேலே. எஞ்சின் நிற்கவில்லை, நிற்கவில்லை! ஒவ்வொரு செய்திக்கும் செயலகமே என் மேசையைச் சுற்றி நின்று கைதட்டியது.

மூன்று மணிக்குப் பட்டனை அழுத்தினேன்.

"பூநகரி, சாப்பிட்டாச்சோ? ஓவர்."

"சாப்பிட்டாச்சு ரீச்சர்! சோறும் பருப்பும். உங்கட தங்கச்சிதான் அகப்பையோட நிண்டவா. பிள்ளையளும் சாப்பிட்டிட்டினம். நீங்கள் சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கச் சொல்லுறா. ஓவர்."

பட்டனை அழுத்தினேன். அழுகைதான் வந்தது. கையை எடுத்தேன்.

"ரீச்சர் இன்னும் சாப்பிடேல்லை மகள்," என்றார் நானா. "ஓவர்."