ஜம்புநாதன் வாங்கிய மத்தி

மல்லாபூரில் உணவுப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் ஜம்புநாதனுக்கு இருபத்தாறு வருட வேலை. கொழுப்புப் பிரிவு. ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீன்களை அரைத்து, எண்ணெயைப் பிரித்தெடுத்து, அதில் ஒமேகா-3 எவ்வளவு என்று கண்டு எழுதுவார். செவுளைப் பார்த்தே மீன் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒரு துண்டு மீன் அவர் நாக்கில் பட்டதில்லை. செகந்திராபாத் வீட்டுக்குத் திரும்பியதும் நேராகக் குளியலறை. அதன் பிறகுதான் மனைவி தங்கம் காபி கொடுப்பாள்.

மகள் பிந்து, கூட வேலை பார்த்த மனோஜைக் கல்யாணம் செய்துகொண்டு கொண்டாப்பூரில் இருந்தாள். மனோஜ் வரங்கல் பக்கத்துத் தெலுங்குக்காரன். கல்யாணத்துக்கு ஜம்புநாதன் மறுப்புச் சொல்லவில்லை. அங்கே அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று மட்டும் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கர்ப்பமாகி ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பிந்து போன் செய்தாள்.

"அப்பா, மீன் எண்ணெய் மாத்திரை எனக்கு ஆகவே மாட்டேங்கறது. முழுங்கின அரை மணிலே வாந்தி. மீனாவே சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டா." பிறகு கேட்டாள். "எந்த மீன்லப்பா அந்தச் சத்து ஜாஸ்தி?"

இரண்டு வருடமாக மறைத்துவைத்ததை மகள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது.

"இப்ப எது சாப்பிடறே?"

"ரோகு. மனோஜ் ஃப்ரை பண்ணுவான்."

"குளத்து மீன்ல அது கொஞ்சம்தான்டி. மத்தி சாப்பிடு. குழந்தையோட மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அதுல நிறைய இருக்கு. சின்ன மீன், பாதரசமும் அவ்வளவா சேராது."

"மத்தி எப்படி இருக்கும்னே எங்க ரெண்டு பேருக்கும் தெரியாதேப்பா."

ஞாயிறு காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விஷயத்தைக் கேட்ட தங்கம் உள்ளே போய் மூடி போட்ட பழைய எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துவந்தாள்.

"மீனை இதுல வாங்கிக்கோங்கோ. டப்பாவை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்கோ."

ராம்நகர் சந்தையில் மீன்காரி நாகம்மாவின் கூடை முன் குனிந்து ஒவ்வொரு மத்தியாக எடுத்துப் பார்த்தார். வயிறு வெடித்தது, கண் குழிந்தது என்று ஒதுக்கிக்கொண்டே போனார்.

"சார், உங்களுக்கு எந்த ஹோட்டல்?" என்று நாகம்மா தெலுங்கில் கேட்டாள்.

"ஹோட்டல் இல்லைம்மா. என் பொண்ணுக்கு. மாசமா இருக்கா."

நாகம்மா பின்னாலிருந்த இன்னொரு பெட்டியைத் திறந்தாள். அதிலிருந்த மீன்களின் கண்கள் கண்ணாடி மாதிரி இருந்தன.

கொண்டாப்பூரில் மனோஜ் மீனைச் சுத்தம் செய்து, வாணலியில் எண்ணெய் ஊற்றப் போனான். சமையலறை வாசலில் நின்றிருந்த ஜம்புநாதன் தடுத்தார்.

"பொரிக்க வேண்டாம் மாப்பிள்ளை. மீனோட எண்ணெய் வெளியே போயிடும், வாணலி எண்ணெய் உள்ளே போயிடும். குழம்பா வையுங்கோ. மீனெண்ணெய் இறங்கினாலும் குழம்புலயே இருக்கும்."

"சரே மாமய்யா, புலுசு பண்றேன்," என்று தங்கள் ஊர்ப் புளிக்குழம்பின் பேரைச் சொன்னான் மனோஜ்.

பிந்து தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்கே போறே? இங்கேயே உக்காரு," என்றார் ஜம்புநாதன்.

அவருக்கு எதிரே அவள் உட்கார்ந்தாள். அவர் தயிர்சாதம் பிசைந்தார். மீனை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அவள் விழிப்பதைப் பார்த்து, "வாலைப் பிடிச்சு மெதுவாத் தூக்கு, நடுமுள்ளு முழுசா வந்துடும்," என்றார். அப்படியே வந்தது. பிந்து சிரித்தாள், கண்ணில் நீர் தளும்பியது. காரம் என்று நினைத்து மனோஜ் தண்ணீர் நீட்டினான். அரை மணி போயிற்று, ஒரு மணி போயிற்று. வாந்தி வரவில்லை.

பிரசவம் வரை, நல்ல மத்தி கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் ஜம்புநாதன் கொண்டாப்பூர் போனார். மற்ற நாட்களில் பிந்து போனில் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்பதை அவர் கேட்காமலே சொல்லிவிடுவாள்.